எல்லோரும் திருநங்கை இல்லை

பாலினச் சிறுபான்மையினர் யாரைப் பற்றிச் செய்தி வந்தாலும் 'திருநங்கை' என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். பிறந்தபோது ஆண் என்று பதிவாகி, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுவாகத் திருநர் என்கிறோம். ஆண், பெண் இரண்டுமே நான் இல்லை என்பவர்களும் உண்டு.

ஊடுபால் (இன்டர்செக்ஸ்) வேறு விஷயம். அது பிறவியிலேயே உடற்கூற்றில் இருக்கும் வேறுபாடு. ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலினத்தை 'நேராக்கும்' அறுவை சிகிச்சையைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. அதே ஆண்டு தமிழக அரசும் ஆணை பிறப்பித்தது. இவர்களையும் திருநர் என்றே எழுதினால், இந்தப் பிரச்சினை யார் கண்ணிலும் படாது.

அப்புறம் ஈர்ப்பு. திருநங்கை என்றால் ஆண்களைத்தான் விரும்புவார் என்று நாமே முடிவு கட்டுகிறோம். பெண்களை விரும்பும் திருநங்கைகளும் இருக்கிறார்கள். தான் யார் என்பதும் யார் மேல் ஆசை என்பதும் தனித்தனி.

நடத்தையைப் பார்த்துப் பெயர் சூட்டுவது இதைவிடச் சிக்கல். எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் 'எம்.எஸ்.எம்.' என்ற சுருக்கம் வந்ததே இதனால்தான்; 'ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அவர்களில் பலர் தங்களைக் 'கே' (தன்பாலீர்ப்பாளர்) என்று சொல்லிக்கொள்வதில்லை. மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாக இருப்பார்கள். பெண் சாயலில் நடந்துகொள்ளும் சிலர் தங்களைக் 'கோத்தி' என்பார்கள். அதனால் அடையாளத்தை விட்டுவிட்டு, செய்கையை மட்டும் குறிக்கும் சொல்லாக அதை வைத்தார்கள். பிறகு அதுவே ஆட்களின் அடையாளம் மாதிரிப் புழங்க ஆரம்பித்தது தனி வேடிக்கை.

வினைமுற்றிலும் தடுமாறுகிறோம். இது பழைய தடுமாற்றம்தான்: இத்தகையோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈற்றையே கொள்ளும் என்கிறது தொல்காப்பியம். உயர்திணை என்பதைக் கவனியுங்கள். 'அது', 'வந்துச்சு' எல்லாம் அவமதிப்பு. தெரியாதபோது 'அவர் வந்தார்' போதும். பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டாம். 'ஆபரேஷன் ஆகிவிட்டதா' என்றும் கேட்க வேண்டாம். பாலின அடையாளத்துக்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே சொல்லிவிட்டது.

உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழக அரசு இதற்கென ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. எழுதுகிறவர்களுக்கு உதவும். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைத் திருத்தக் கிளம்பாதீர்கள். 2008-இல் அரசு அமைத்த வாரியமே 'அரவாணிகள் நல வாரியம்' என்றுதான் இருந்தது. மூத்தவர் ஒருவர் இன்றும் தன்னை அரவாணி என்றால், சரி, அவரைப் பற்றி எழுதும்போது அப்படியே எழுதுங்கள்.