தாவர ஸ்டெரால் சேர்த்த தயிரும் பாலும்: எல்டிஎல் குறையப் பயன்படுத்தும் முறை

அம்மாவின் இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்தபோது, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையோடு தாவர ஸ்டெரால் சேர்த்த தயிரையும் அவரது ஒப்புதலோடு தொடங்கினோம், பலனும் கிடைத்தது. பாளையங்கோட்டையில் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் தொடர்ந்து விசாரிப்பதால், முறையை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

தாவர ஸ்டெரால் என்பது தாவரங்களில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்புப் பொருள். அதன் மூலக்கூறு கொலஸ்ட்ராலைப் போலவே அமைந்தது. அதனால் குடலில் பித்தநீர் கொழுப்பைக் கரைத்து உண்டாக்கும் நுண்துளிகளுக்குள் அது இடம்பிடித்துக்கொள்ள, கொலஸ்ட்ராலில் ஒரு பகுதி உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. நாளொன்றுக்கு 1.5 முதல் 3 கிராம் வரை எடுத்தால் எல்டிஎல் பொதுவாக 7 முதல் 12 விழுக்காடு வரை குறைகிறது. எல்டிஎல் 150 மி.கி./டெ.லி. இருப்பவருக்கு அது ஏறத்தாழ 135 ஆகலாம். இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மட்டும் கூடியிருப்பவர்களுக்கு இது பெரிதாக உதவாது.

உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையலும் நல்லெண்ணெயும் சேர்த்துத்தானே சாப்பிடுகிறோம், அதிலேயே ஸ்டெரால் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருப்பது உண்மைதான். ஆனால் 100 கிராம் நல்லெண்ணெயில் ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருப்பதால், 2 கிராம் ஸ்டெராலுக்கு 200 கிராமுக்கு மேல் எண்ணெய் குடிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் தனியே சேர்த்த உணவு தேவைப்படுகிறது.

படி 1: மருத்துவரிடம் கேளுங்கள்

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்தக் கூடாது. மாத்திரை கல்லீரலில் வேலை செய்கிறது, ஸ்டெரால் குடலில் வேலை செய்கிறது. இரண்டின் பலனும் கூடும். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் மேலும் 6 விழுக்காடு அளவில்தான் குறையும் என்பதை நினைத்தால், ஸ்டெரால் தரும் குறைவு சிறிதல்ல. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இது வேண்டாம். சைட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இது தீங்கு செய்யும், ஏனெனில் அவர்கள் உடலில் தாவர ஸ்டெரால் வெளியேறாமல் இரத்தத்திலேயே தேங்கிவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் அந்நோய் தோன்றும் என்பதால், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே மணமுடிக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களில், சிறு வயதிலேயே முழங்கையிலும் குதிகால் தசைநாணிலும் மஞ்சள் கட்டிகள் வந்தவர்கள் இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 2: லேபிளைப் படியுங்கள்

அதிகக் குழப்பம் வருவது இங்கேதான். சில பொருள்களில் 'தாவர ஸ்டெரால்' என்று எடை போட்டிருப்பார்கள், சிலவற்றில் 'தாவர ஸ்டெரால் எஸ்டர்' என்று போட்டிருப்பார்கள். கொழுப்பில் எளிதாகக் கரைவதற்காக ஸ்டெராலோடு கொழுப்பு அமிலத்தை இணைத்துச் செய்ததே எஸ்டர். ஆகவே அதன் எடையில் கொழுப்பு அமிலத்தின் எடையும் அடங்கும். ஏறத்தாழ 3.4 கிராம் எஸ்டரில்தான் 2 கிராம் ஸ்டெரால் கிடைக்கும். எஸ்டர் 2 கிராம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு நாள் அளவு முடிந்தது என்று நினைத்தால், உண்மையில் கிடைப்பது 1.2 கிராம் அளவே. அடுத்ததாக, அந்த எடை 100 மில்லிக்கா, ஒரு பாட்டிலுக்கா, ஒரு டம்ளருக்கா என்று பாருங்கள். நாளுக்கு 2 கிராம் ஸ்டெரால் போதும். 3 கிராமைத் தாண்டினால் கூடுதல் பலன் அநேகமாக இல்லை.

படி 3: பாலா, தயிரா?

என் தேர்வு, ஒரு நாள் அளவு முழுவதும் ஒரே சிறு பாட்டிலில் அடங்கிய தயிர் பானம். ஸ்டெரால் பாலில் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம்கூட வராத வகைகள் உண்டு. அதோடு நம் வீடுகளில் பால் காலைக் காப்பிக்கும் மாலைக் காப்பிக்கும் பிரிந்துவிடும், பிள்ளைகளும் குடித்துவிடுவார்கள், யாருக்கு எவ்வளவு போனது என்றே தெரியாது. நெல்லையில் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. வெளியூரிலிருந்து வரவழைப்பவர்கள் நம் ஊர் வெயிலை நினைத்து, குளிர்ச்சி கெடாமல் வந்து சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: சாப்பாட்டோடு சேருங்கள்

வெறும் வயிற்றில் குடித்தால் பலன் குறையும். உணவில் உள்ள கொழுப்பு இறங்கும்போதுதான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடுகிறது. ஸ்டெரால் அந்த நேரத்தில் குடலில் இருக்க வேண்டும். எனவே மதியச் சாப்பாடே ஏற்றது. அம்மா சோற்றில் குழம்பும் ரசமும் முடித்து, மோர்ச்சோற்றுக்கு வரும் நேரத்தில் அந்தத் தயிரைப் பிசைந்து சாப்பிட்டுவிடுவார். நாளுக்கு ஒரு முறை போதுமானது.

இதைச் சாப்பிடுகிறோம் என்பதற்காக நெய் ஒழுகும் அல்வாவையும் கெட்டித் தேங்காய்ப்பால் சொதியையும் கூட்டிவிடாதீர்கள். அவற்றில் உள்ள நிறைகொழுப்பு எல்டிஎல்லை மறுபடியும் ஏற்றும். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் உறிஞ்சப்படுவதையும் ஸ்டெரால் சற்றுக் குறைப்பதால் முருங்கைக்கீரை, பரங்கிக்காய், பப்பாளி ஆகியவற்றை அடிக்கடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: மீண்டும் பரிசோதியுங்கள்

இரண்டு, மூன்று வாரங்களில் பலன் தெரியத் தொடங்கும். நாங்கள் ஆறு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் பார்த்தோம். நிறுத்தினால் சில வாரங்களில் அளவு பழைய நிலைக்கே திரும்பும். எல்டிஎல்லைக் குறைக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்டது. மாரடைப்பையே நேரடியாகத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை.

பின்சேர்க்கை

அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவர், அந்தத் தயிரில் ஒரு கரண்டியை உறை மோராக எடுத்து வீட்டுப் பாலில் ஊற்றி வளர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். தயிராக உறையலாம், ஆனால் பெருகுவது நுண்ணுயிர்கள் மட்டுமே, ஸ்டெரால் பெருகாது; அந்தக் கரண்டியில் இருந்த சிறிதளவுதான் பானை முழுவதற்கும். கடைந்து வெண்ணெய் எடுத்தாலும் எஸ்டர் கொழுப்போடு சேர்ந்து வெண்ணெய்க்குப் போய்விடும், மோரில் நிற்காது. நீர்மோராகக் கரைத்து வீட்டார் எல்லோரும் பகிர்ந்து குடித்தாலும் ஒருவருக்கும் உரிய அளவு கிடைக்காது. கொலஸ்ட்ரால் உள்ளவரே அந்தப் பாட்டிலை முழுவதும் சாப்பிடட்டும். மற்றவர்களுக்கு வழக்கம்போல் வேறு பாலில் உறை ஊற்றிக்கொள்ளுங்கள்.