டெல்டா சாப்பாட்டுக்கு எந்த ஒயின்?

புளியையும் காரத்தையும் கவனித்தால் மகாராஷ்டிரத்து நாசிக் ஒயின்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாப்பாட்டோடு நன்றாகவே சேரும். மீன் குழம்புக்கு லேசாக இனிக்கும் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். இனிப்பு மிளகாய்க் காரத்தைத் தணிக்கும். அதன் புளிப்பு குழம்பின் புளிக்கு ஈடுகொடுக்கும். புளிப்புக் குறைந்த ஒயின் என்றால் சப்பென்று ஆகிவிடும். நாகப்பட்டினத்து இறால் வறுவலுக்கு, எலுமிச்சை பிழிவதற்குப் பதிலாக, சோவினியோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை ஒயின்.

ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் காரக் குழம்புக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்கு எரிச்சலைக் கூட்டும். மிளகு தூக்கலான மட்டன் சுக்காவுக்குத் தாராளமாக ஊற்றலாம். ஷிராஸிலேயே மிளகு வாசம் உண்டு.

பலர் கோட்டைவிடுவது சூட்டில்தான். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் 'அறை வெப்பநிலை' 16–18 டிகிரி; சித்திரை மாதக் கும்பகோணத்தில் அது எங்கே கிடைக்கும்? வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, பாட்டிலைக் கழுத்தளவு முக்கி 15 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் போட்டால் இடையில் காற்று நின்று குளிர்ச்சி மெதுவாகத்தான் ஏறும். வெள்ளை ஒயினுக்கு 8–10 டிகிரி வேண்டும். அரை மணி நேரம் விடுங்கள்.

மிச்சத்தை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். காற்றுப் பட்டால் காடி வாடை வந்துவிடும்.