அட்டாரி 2600-க்கு வந்த 'வயது வந்தோர்' கேசட்டை வாங்குவதற்கு முன்

முதலில் ஒன்று. அட்டாரி 2600 என்பது டிவியில் மாட்டி ஆடும் பழைய வீடியோ கேம் கன்சோல், அதில் செருகும் ஆட்டப் பெட்டியைத்தான் இங்கே கேசட் என்கிறேன். 1982-ல் மிஸ்டிக் என்ற பெயரில் அதற்கு வெளிவந்த ஆபாச ஆட்டங்களுக்கும் கன்சோலைச் செய்த அட்டாரி நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை. வெளியார் கேசட்டைத் தடுக்கும் பூட்டு எதுவும் 2600-ல் கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், அட்டாரியால் வழக்குத்தான் போட முடிந்தது. அதனால் "அட்டாரியின் சொந்த வெளியீடு" என்று யாராவது விற்றால், ஒன்று அவருக்கு விவரம் தெரியாது, இல்லை கதை விடுகிறார்.

அப்புறம் கேசட்டின் வடிவத்தைப் பாருங்கள். மிஸ்டிக் கேசட்டில் ஒரே ஆட்டம்தான். மிஸ்டிக் மூடிய பிறகு அதே ஆட்டங்களை வாங்கி விற்ற பிளேஅரவுண்ட், இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஆட்டம் இருக்கும் நீளமான கேசட் போட்டது. இதை முதல் பதிப்பு என்று சொல்லி விலை கேட்டால் நகர்ந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள், இந்தக் காலத்து சிப் தெரிந்தால் அது நகல்.

மிஸ்டிக் ஆட்டங்களில் எல்லோரும் தேடுவது கஸ்டர்ஸ் ரிவெஞ்ச் ('கஸ்டரின் பழிவாங்கல்'). அம்புகளுக்குத் தப்பி, கட்டிவைக்கப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணை வன்புணர்ந்தால் புள்ளி, இதுதான் ஆட்டமே. கஸ்டர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1876-ல் பூர்வகுடிப் படையிடம் தோற்றுச் செத்தவர், அதற்குப் 'பழிவாங்கல்' இப்படியாம்! 1982 அக்டோபரில் நியூயார்க் ஹில்டன் ஓட்டலில் இதைக் காட்சிக்கு வைத்தபோது பெண்கள் அமைப்புகளும் பூர்வகுடி அமைப்புகளும் வாசலில் திரண்டன. அந்தச் சத்தம்தான் இதற்குக் கிடைத்த பெரிய விளம்பரம், இன்றும் விலையை ஏற்றுவது அந்தக் கதைதான். ஆட்டமாகப் பார்த்தால் படு மட்டம். என்னைக் கேட்டால், வரலாற்றுச் சான்றாக வைத்திருக்க நினைப்பவர் தவிர மற்றவர்கள் வாங்கவே வேண்டாம், ஸ்டெல்லா என்ற இலவச எமுலேட்டரில் (2600 ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஐந்து நிமிடம் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

சரி, வாங்கியே தீருவேன் என்றால்: இவை அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) டிவி முறைக்கான கேசட்டுகள், பிஏஎல் (PAL) என்ற வேறு டிவி முறைக்கான கன்சோலில் செருகினால் நிறம் மாறித் தெரியும், கேசட் பழுது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கன்சோலில் செருகும் பக்கத்து உலோகத் தொடர்புகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். மிஸ்டிக்கின் இன்னொரு ஆட்டமான பேச்சிலர் பார்ட்டி, பந்தால் செங்கல்லை உடைக்கும் பழைய பிரேக்அவுட் ஆட்டத்தை அப்படியே காப்பியடித்தது. அதற்குப் பேடில் என்ற திருகு குமிழ்க் கட்டுப்பாடு வேண்டும், ஜாய்ஸ்டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆட முடியாது.