ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்: வீட்டுக் கொசுவைத் தண்ணீரிலேயே தடுப்பது எப்படி?

சென்னையில் வேளச்சேரிப் பக்கம் குடியிருக்கிறோம். ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் மழைநீர் வடிகால். ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால், சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்த வேண்டிய ஊர். நாங்களும் பல வருஷம் அப்படித்தான் சாத்திக்கொண்டு, ராத்திரி கொசு பேட்டும் கையுமாக அலைந்தோம்.

ஒரு கார்த்திகை மாதம் என் மகளுக்கு டெங்கு வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பிய மறுநாள், கையில் டார்ச்சுடன் டெங்கு தடுப்புக்கு வருகிற களப்பணியாளர் ஒருவர் வந்தார். மாடியைப் பார்ப்பார் என்று நினைத்தால், நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து ஒரு தட்டை உருவினார். "அண்ணா, இதை எப்பக் கழுவினீங்க?" என்றார். அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் இரண்டு விரற்கடை தண்ணீர், தண்ணீர் முழுக்க நெளியும் புழு. என் மகளைக் கடித்த கொசு அதில்தான் பிறந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தத் தட்டை என்னால் மறக்க முடியவில்லை. அன்று அவர் சொல்லிக்கொடுத்ததும், அதன் பிறகு வாரா வாரம் செய்து பழகியதும்தான் கீழே இருப்பது.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சூட்டில் கொசு முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டினால் அதற்குப் பறக்கவே நேரம் கிடைக்காது. கிழமை எதுவானாலும் சரி, வாரா வாரம் அதே கிழமையாக இருக்கட்டும். நாங்கள் ஞாயிறு காலை காபிக்கு அப்புறம் கிளம்புகிறோம்.

படி 1: கடிப்பது எந்தக் கொசு?

பகலில், அதிலும் காலையிலும் மாலை மங்குவதற்கு முன்னும், கணுக்காலைத் தேடிக் கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது இதுதான். சாக்கடையில் பிறப்பதில்லை, வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீர்தான் இதற்கு வேண்டும். பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் பறக்காது. ஆகவே பகலில் கடி வாங்கினால் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி காதோரம் ரீங்காரம் போடும் பழுப்புக் கொசு பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடை, செப்டிக் டேங்க் இதன் பிறந்த வீடு. யானைக்கால் நோயைப் பரப்புவது இது. சுவரில் உட்காரும்போது வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்தால் அது அனாபிலிஸ், மலேரியாக் கொசு. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை கிணற்றிலும் மாடித் தொட்டியிலுமே வளர்ந்துவிடும்.

படி 2: புழுவைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சந்தேகப்படும் தண்ணீரிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு நிமிஷம் அசையாமல் இருங்கள். நூல் துண்டு மாதிரி ஏதோ மேலே ஏறி வரும். தலை கீழே, வால் மேலே. வால் நுனியில் இருக்கும் சிறு குழாயைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒட்டி மூச்சு வாங்கும். இப்போது டம்ளருக்கு மேலே கையை ஆட்டி நிழல் விழச் செய்யுங்கள். அத்தனையும் துடித்துக்கொண்டு அடிக்கு இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி மறுபடி மேலே வரும். அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை. அதனால் அது தொங்காமல் நீர்மட்டத்தோடு படுத்தாற்போல மிதக்கும்.

கமா மாதிரி வளைந்து, தலை பெருத்து உருண்டு உருண்டு போவது கூட்டுப்புழு. அது இரை எடுக்காது. இரண்டொரு நாளில் கொசுவாகிவிடும். கூட்டுப்புழு கண்ணில் பட்டால் போன வாரச் சுற்றில் அந்த இடத்தை விட்டிருக்கலாம்.

குழந்தைகளை இதற்குக் கூப்பிடுங்கள். டார்ச் பிடிப்பது எங்கள் வீட்டில் மகளின் வேலை. என் கண்ணுக்குத் தப்புவது அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

படி 3: மாடியிலிருந்து கீழே இறங்குங்கள்

மாடித் தொட்டியில் ஆரம்பியுங்கள். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா? மூடியின் மேல் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறதா? ஓவர்ஃப்ளோ பைப் வாய் திறந்து கிடந்தால் மூடி இருந்தும் பிரயோஜனம் இல்லை, கொசு அது வழியாகப் போகும். ஒரு துண்டு நைலான் கொசு வலையை வாயில் சுற்றிக் கட்டிவிடுங்கள். அப்புறம் தளத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளம், இலை அடைத்த வடிகுழாய், பழைய பக்கெட், பாதி மீந்த டைல்ஸ், தார்ப்பாயின் மடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள்.

கீழே சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. மூடியைத் தூக்குவதற்காக விட்டிருக்கும் ஓட்டையை யாரும் கவனிப்பதில்லை. கொசுவுக்கு அது வாசல். ஒரு துணி உருண்டை அடைத்தால் போதும். பின்பக்கம் ஆட்டுக்கல் குழி, தேங்காய்த் தொட்டி, டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு. டயரில் எவ்வளவு சாய்த்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஓட்டை போடுங்கள், இல்லையேல் அப்புறப்படுத்துங்கள்.

வீட்டுக்குள் ஃப்ரிட்ஜின் பின்தட்டு, ஏசித் தண்ணீர் விழும் வாளி, ஏர்கூலர், மணி பிளான்ட் பாட்டில், அதிகம் புழங்காத கழிப்பறை. பாட்டில் மூடி அளவு தண்ணீர்கூட ஏடிஸுக்குப் போதும்.

தெருவில் யாராவது வீடு கட்டினால் கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டித் தேக்கும் தண்ணீரையும் கவனியுங்கள். மேஸ்திரியிடம் நல்லவிதமாகச் சொல்லிப் பாருங்கள். நனைத்த சாக்கைப் பரப்பியும் தளத்தை ஈரமாக வைக்கலாம்.

படி 4: கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும்

நான் ரொம்ப நாள் செய்த தவறு இது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை, பாத்திரத்தின் உள்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவிடும். மிளகைவிடச் சின்ன கறுப்புப் புள்ளிகள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் அவை காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிந்துவிடும். அதனால் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள். டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்பவர்களுக்கு இது கட்டாயம்.

படி 5: செப்டிக் டேங்க் பைப்

ராத்திரிக் கொசு தாங்கவில்லை என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாயின் வாயில் கொசு வலைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். டேங்க் மூடியில் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசுங்கள். வெயிலில் வலை இற்றுப்போகும், வருஷா வருஷம் மாற்றுங்கள்.

படி 6: கொட்ட முடியாத தண்ணீர்

கிணற்றை வலை போட்டு மூடுங்கள். தொட்டித் தண்ணீருக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து உண்டு, களப்பணியாளர்களிடம் கேளுங்கள், அவர்களே அளந்து ஊற்றுவார்கள். நீங்களாக அளவு போட வேண்டாம். அல்லித் தொட்டி வைத்திருந்தால் கப்பி மீன் நாலு விடுங்கள், புழுவைத் தின்றுவிடும். கொசுப்புழுவைத் தின்னும் இன்னொரு மீனான கம்பூசியாவை மட்டும் குளம் குட்டையில் விடாதீர்கள். அது நம் ஊர் மீன்குஞ்சையும் தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

படி 7: தப்பி வருகிற கொசுவுக்கு

எல்லாம் செய்தும் கொசு வரும், ஊர் அப்படி. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். ராத்திரி மெத்தைக்கு அடியில் செருகிய கொசு வலைக்கு ஈடாக எதுவும் இல்லை. குழந்தை பகலில் தூங்கும்போதும் வலை கட்டுங்கள். மின்விசிறிக் காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியாது. மாலையில் முழுக்கால் உடை, வெளியே தெரியும் தோலில் கொசுவிரட்டிக் களிம்பு. கட்டிலுக்கு அடியும் ஆணியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் ஏடிஸ் ஓய்வெடுக்கும் இடங்கள்.

நொச்சி இலையைப் புகை போட்டால் கொசு விலகும், ஆனால் செடியை வெறுமனே வாசலில் வைப்பதால் பெரிய பலன் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்திச் சுருள் கொளுத்துவதை நிறுத்திவிடுங்கள், அந்தப் புகை குழந்தை நெஞ்சுக்கு ஆகாது. கொசுவை விரட்டும் என்று சொல்லும் செல்போன் ஆப் வேலை செய்வதில்லை. தெருவில் அடிக்கும் புகை மருந்து அப்போது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

படி 8: காய்ச்சல் வந்தால்

பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் இரண்டும் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். டாக்டரைப் பாருங்கள், நீராகாரம் நிறையக் கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை சோர்ந்து சுருண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

படி 9: பக்கத்து மாடி

உங்கள் வீடு சுத்தமாகி நாலு வாரம் கழித்தும் பகலில் கடித்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். குறை சொல்கிற மாதிரி போகாதீர்கள். நான் புழு இருந்த டம்ளரையே கையில் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூட்டுவலி, மாடி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்க மாடியையும் ஒருதரம் ஏறிப் பாத்துடு தம்பி" என்று சாவியைக் கொடுத்தார். மேலே மூடியில்லாத பழைய தொட்டி ஒன்று, பாதி வரைக்கும் மழைத் தண்ணீர். அந்தச் சாவி இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.