பழைய காற்றுக் குளிர்விப்பு எஞ்சினில் ஆயில் கசிவு: சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயில் சொட்டும் இடத்தையே கசியும் இடமாக எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற காற்றுக் குளிர்விப்புக் கார்களில் எஞ்சின் விசிறி அடிக்கும் காற்று, கசியும் ஆயிலைச் சிலிண்டர்களின் மேலெல்லாம் பரப்பிவிடும். ஆயில் கூலரின் அடியிலுள்ள சிறிய ரப்பர் சீல்கள் இறுகிப் போனால்கூட எஞ்சினின் ஒரு பக்கம் முழுவதும் நனைந்து, இணைப்புகளின் நடுவே வைக்கும் எல்லா பேக்கிங்குகளும் கெட்டுவிட்டதுபோலத் தோன்றும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் ஆறிய எஞ்சினை நன்றாகக் கழுவி உலர்த்தி, சந்தேகப்படும் இணைப்புகளைச் சுற்றி முகப்பவுடரை மெல்லிதாகத் தூவி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்திய பின் டார்ச் விளக்கில் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் கருக்கும் கோடு எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் வேலை இருக்கிறது.

இவ்வளவு பொறுமை வீண் அல்ல. பீட்டில் எஞ்சின் கொள்ளும் ஆயில் சுமார் 2.5 லிட்டர்தான், அதுவே மசகாகவும் இருந்து வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டும். போதாக்குறைக்கு, சிலிண்டரின் குளிர்விக்கும் தகடுகளில் ஆயில் படிந்தால் புழுதி அதில் ஒட்டிப் போர்வைபோல் மூடிக்கொள்ளும்.

அடுத்த தவறு, கசிவைக் கண்டதும் ஸ்பேனரை எடுத்து இறுக்குவது. அடிப்பக்கத்து வடிகட்டித் தகட்டைப் பிடித்திருக்கும் ஆறு சிறிய நட்டுகளுக்கு உரிய இறுக்கம் வெறும் 7 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேல் போனால் தகடு வளைந்து கசிவு அதிகமாகும். மக்னீசியக் கலவையாலான கிராங்க் கேஸில் (எஞ்சினின் உடற்கூட்டில்) மரையும் போய்விடும். தொடக்கக் காலத்தில் நான் அப்படி ஒரு நட்டை இறுக்கியபோது, கை திடீரென்று இலேசாகி, அது மாட்டியிருந்த ஸ்டட் (மரையுள்ள கம்பி) சாம்பல் நிறத் துகள்களோடு உருவிக்கொண்டு வந்தது. பேக்கிங் மாற்றி முடிக்க வேண்டிய வேலை, புதிய மரை போடும் வேலையாக மாறியது. வளைந்த தகட்டைச் சமன்படுத்தி, இரண்டு பேக்கிங்குகளையும் நட்டுகளின் அடியிலுள்ள செப்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் அளவோடு இறுக்குவதே முறை.

சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுவதும் இதே அவசரத்தின் இன்னொரு வடிவந்தான். வெளியே பிதுங்கும் பசை கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது துண்டாகி ஆயிலோடு ஓடி வடிகட்டியை அடைக்கும். வால்வுப் பகுதியை மூடியிருக்கும் ராக்கர் கவரின் கார்க் பேக்கிங்கைக் கவரின் பக்கம் மட்டும் ஒட்டி, சிலிண்டர் ஹெட்டின் பக்கம் உலர்வாக விட வேண்டும். இரு பக்கமும் ஒட்டினால் அடுத்த முறை வால்வு இடைவெளி சரிபார்க்கத் திறக்கும்போது பேக்கிங் கிழிந்துதான் வரும்.

மிகுதியாகத் தவறு நேரும் இடம், வால்வுகளை இயக்கும் தண்டுகள் (புஷ்ராடுகள்) செல்லும் புஷ்ராடு குழாய்கள். ஹெட்டுக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவே நிற்கும் இந்த எட்டுக் குழாய்களும் இரு முனைகளிலும் மடிப்புகளின் விறைப்பால்தான் சீல்களை அழுத்திப் பிடிக்கின்றன. சீலை மட்டும் மாற்றிவிட்டு அமுங்கிப்போன பழைய குழாயை அப்படியே பொருத்தினால் சில வாரங்களில் மறுபடி கசியும். 1300 முதல் 1600 சிசி வரையிலான எஞ்சின்களில் குழாயை 190 முதல் 191 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரு முனையும் சமமாக இழுத்த பிறகே பொருத்த வேண்டும். மடிப்பில் துரு அரித்திருந்தால் இழுக்கும்போதே விரிசல் விடும். அந்தக் குழாய் இனி உதவாது. குழாயின் நீளவாட்டு இணைப்புக் கோடு மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹெட்டைக் கழற்றாமல் மாற்றுவதற்கென நீளும் குழாய்கள் கிடைக்கின்றன. ஆனால் எஞ்சின் கீழே இறங்கியிருந்தால் அசல் வகையையே போடுவது நல்லது என்பது என் கருத்து.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் ஃப்ளைவீல் சீல்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஒரு துளியை விரலில் எடுத்துப் பாருங்கள்: கெட்டியாகவும் கந்தக நெடியோடும் இருந்தால் அது கியர் ஆயில். எஞ்சின் ஆயில்தான் என்றாலும், புதிய சீல் போடுவதற்கு முன் கிராங்க் ஷாஃப்டின் முன்பின் அசைவை அளந்தே ஆக வேண்டும். அது 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருப்பது சரி, 0.15ஐத் தாண்டினால் எவ்வளவு நல்ல சீலும் நிலைக்காது.

மறுமுனையிலுள்ள புல்லியின் பின்னால் இந்த எஞ்சினில் ரப்பர் சீலே கிடையாது. புல்லியின் கழுத்தில் வெட்டிய சுருள் மரைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அங்கே கசிந்தால் பசை தேடாமல், ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா, எஞ்சினுள் சேரும் வாயுவை வெளியேற்றும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும், ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து சிலிண்டரின் அழுத்தம் கிராங்க் கேஸுக்குள் கசிகிறது என்று பொருள். அப்போது எடுக்க வேண்டியது புதிய பேக்கிங் அல்ல, சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (அழுத்த) அளவு.