ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடுதலாக மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

வேலையாக பிரான்ஸ் போகிறவர்கள், "அப்படியே மூன்று நாள் சுற்றிவிட்டு வரலாமா?" என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: தாராளமாகச் சுற்றுங்கள், ஆனால் தினம் ஒரு ஊரில் பெட்டியைத் திறந்து மூடாதீர்கள். ஒரே ஊரில் அறை எடுங்கள். பக்கத்து ஊர்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். அதற்கு ஸ்ட்ராஸ்பர்க் அருமையான ஊர்.

1. முதலில் விசா

கூடுதல் நாட்களையும் சேர்த்தே ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) விண்ணப்பியுங்கள். கைக்கு வந்ததும் ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது ஒரு வரி. மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறொரு கட்டம். பலர் கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, நாள் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்கும் பயணக் காப்பீடும் கடைசி நாள் வரை இருக்க வேண்டும்.

2. ஞாயிற்றுக்கிழமை எங்கே விழுகிறது?

ஸ்ட்ராஸ்பர்க் இருக்கும் அல்சாஸ் பகுதி 1871 முதல் 1918 வரை ஜெர்மனியிடம் இருந்தது. அந்தக் காலத்துச் சட்டங்கள் சில இன்றும் அங்கே தொடர்கின்றன. அதனால் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறக்காது. பிரான்சின் மற்ற பகுதிகளில் இல்லாத விடுமுறையாகப் புனித வெள்ளியும் டிசம்பர் 26-ம் உண்டு. நான் ஒரு ஞாயிறு மாலை போய் இறங்கி, ஒரு பால் பாக்கெட்டுக்காகத் தெருத் தெருவாக நடந்து வெறுங்கையோடு திரும்பினேன். ரொட்டி, பழம், தண்ணீர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

3. ரயில், அறை

பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்தே ஸ்ட்ராஸ்பர்க்குக்கு நேரடி டிஜிவி அதிவேக ரயில் உண்டு. பாரிஸ் நகருக்குள் போகவே வேண்டாம். நகருக்குள்ளிருந்து கிளம்பினால் கார் த லெஸ்ட் நிலையம், சுமார் 1 மணி 50 நிமிடம். டிஜிவி டிக்கெட் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும், முன்பே எடுங்கள். அறையை ரயில் நிலையத்துக்கும் பழைய நகரம் இருக்கும் கிராந்த் ஈல் தீவுக்கும் நடுவில் பாருங்கள். இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

4. முதல் நாள்: ஊருக்குள்

காலையில் நேராகப் பேராலயம். 142 மீட்டர் உயரம். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தை அவசியம் பாருங்கள். பகல் 12.30-க்கு அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக இயேசுவின் முன் கடந்து போகும். மேலே சேவல் இறக்கையை அடித்து மூன்று முறை கூவும். இதற்குத் தனி டிக்கெட், முன்கூட்டியே போய்விட வேண்டும். ஞாயிறன்று இந்தக் காட்சி கிடையாது.

அப்புறம் பெதித் பிரான்ஸ் என்ற பழைய பேட்டையின் கால்வாய்ப் பக்கம் மெதுவாக நடங்கள். வோபான் அணையின் மொட்டைமாடிக்கு ஏறக் கட்டணம் இல்லை. வெயில் சாயும் நேரம் திரும்பவும் பேராலயத்துக்கு வாருங்கள். இளஞ்சிவப்பு மணற்கல்லால் கட்டிய மேற்கு முகப்பு அந்த வெளிச்சத்தில் கனல் போலச் சிவக்கும். அதற்காகவே இன்னொரு மாலையும் நான் அங்கே போய் நின்றேன்.

5. இரண்டாம் நாள்: கோல்மார்

உள்ளூர் டிஇஆர் ரயிலில் அரை மணிதான். டிக்கெட்டை அன்றைக்கே எடுக்கலாம். ஊன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈசன்ஹைம் பலிபீட ஓவியத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். செவ்வாய் விடுமுறை. சுதந்திர தேவி சிலையை வடித்த பர்தோல்தி பிறந்த ஊரும் இதுவே.

6. மூன்றாம் நாள்

முன்கூட்டியே எதையும் பதிவு செய்யாதீர்கள். வானம் தெளிவாக இருந்தால் செலெஸ்டா வரை ரயிலில் போய், ஓ-கோனிக்ஸ்பூர்க் மலைக்கோட்டை. அங்கே போகும் பேருந்து எல்லா நாளும் ஓடுவதில்லை, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மழை என்றால் டி வழித்தட டிராமில் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊர். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சாப்பாடு

தார்த் ஃப்ளாம்பே: அப்பளம் போல மெல்லிய மாவு, மேலே க்ரீம், வெங்காயம், ஓரம் கருகி மொறுமொறுவென்று வரும். வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகளும் போடுவார்கள். சைவம் என்றால் "சான் லார்தோன்" என்று சொல்லிவிட்டு ஆர்டர் கொடுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள்.