பாம்புக்கடி: ராத்திரிக்கான முடிவைப் பகலிலேயே எடுத்து வையுங்கள்

அவசர வார்டில் இரவுப் பணி பார்க்கிற நர்ஸ் நான். பாம்பு கடித்தவரைவிட, தூக்கி வருகிறவர்கள்தான் அதிகம் பதறிப்போய் நிற்பார்கள். எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். பதற்றத்தில் புதிதாக எதுவும் தோன்றாது. முன்பே பேசி வைத்ததுதான் கைக்கு வரும். அதனால் எல்லோரும் வீட்டிலிருக்கும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

முதலில், எந்த ஆஸ்பத்திரி? விஷமுறிவு மருந்தும் இரவில் டாக்டரும் எங்கே இருக்கிறார்கள் என்று பகலிலேயே நேரில் போய்க் கேட்டு வாருங்கள். 108 வரத் தாமதமாகும் ஊரென்றால் யாருடைய வண்டி, அவர் நம்பர் என்ன என்பதையும் சேர்த்து ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வீட்டுக்கு வழி சொல்ல கோயிலா, ரைஸ்மில்லா என்ற அடையாளமும் அதில் இருக்கட்டும். பிள்ளைகளை ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒருவர் கடிபட்டவர் பக்கத்தில், ஒருவர் போனில். பாம்பைத் தேடும் வேலை யாருக்கும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

மெட்டி, கொலுசு, மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிவிட்டால் வராது. நடக்க விடாமல், காலுக்கு மட்டை கொடுத்துத் துணியால் இறுக்காமல் கட்டுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் கூடாது.

இதில் எனக்குப் பெரிய கவலை கயிறுதான். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே கெட்டுப்போகலாம். ஆனால் பெரியப்பா கயிறோடு ஓடிவந்து "கட்டுடா, விஷம் தலைக்கேறிடும்" என்று அதட்டும்போது எதிர்த்துப் பேச யாருக்கும் தெம்பிருக்காது. அந்த வாக்குவாதத்தை அவரோடு இப்போதே நடத்தி முடித்துவிடுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்களை அவரே தடுப்பார்.

தரையில் படுக்கிற வீடுகளுக்கு இன்னொன்று. கட்டுவிரியன் தூக்கத்தில் கடிக்கும், வலி அவ்வளவாகத் தெரியாது, தடமும் பல சமயம் இருக்காது. விடியற்காலையில் ஒருவர் வயிறு வலிக்கிறது என்கிறார், கண் இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் கடிதான் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சோடா கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து மூச்சு திணற ஆரம்பிக்கும்.